மேல்தளத்தில் உணவகம்: லிட்டில் இந்தியாக் கடைவீடு ஒன்றின் வடிவமைப்பு அனுமதி மனு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் ஈரடுக்குக் கடைவீடு. கீழே துணிக்கடை, மேலே சரக்கு அடுக்கும் இடம். அதை உணவகமாக மாற்ற வேண்டும்: கீழே பின்பக்கம் சமையலறை, முன்பக்கம் சிறிய கூடம், மேல்தளம் முழுக்க மேசை நாற்காலி. கேட்கும்போது உள்ளலங்கார வேலை போலத்தான் தெரியும். ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால், ஒரு விட்டத்தைத் தொடுவதற்கு முன்பே நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி தேவை.

இது ஒரு குறிப்பிட்ட முகவரியின் கோப்பு அல்ல. அந்த வட்டாரத்துக் கடைவீடுகளுக்குப் பொருந்தும்படி அளவுகளை நாங்களே வைத்துக்கொண்ட மாதிரி மனு. மனை அகலம் 5 மீட்டர், ஆழம் 24 மீட்டர். முன்னால் 2.1 மீட்டர் ஐந்தடிப் பாதை (மேல்தளத்துக்கு அடியில் ஓடும் பொதுநடை), அதை அடுத்து 12 மீட்டர் முதன்மைக் கட்டடம், 2.4 மீட்டர் நீளத்துக்கு நடுமுற்றமும் அதையொட்டி ஒரு நடையும், பிறகு 5.5 மீட்டர் பின்கட்டு. கடைசியில் 2 மீட்டர் பின்முற்றம், அதன் மதிலுக்கு அப்பால் பின்சந்து. மேல்தளம் ஐந்தடிப் பாதையின் மேலும் நீள்வதால் அங்கே தரை 14.1 மீட்டர் ஆழம். மனை அகலம் ஐந்து மீட்டரை ஒட்டி இருப்பது தற்செயல் அல்ல. அண்டை வீடுகளோடு பகிர்ந்துகொள்ளும் இரண்டு பொதுச்சுவர்களுக்கு இடையே ஒரே மரத்துண்டு எவ்வளவு தூரம் தாங்குமோ அதுதான் கடைவீட்டின் அகலம். இந்த ஒரு செய்தி மனதில் இருந்தால் பின்னால் வரும் பாதிச் சிக்கல் புரிந்துவிடும்.

லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7 அன்று பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகியவற்றோடு சேர்த்து இது வரலாற்று வட்டாரம் என்ற வகையில் வருகிறது. அந்த வகைக்கு விதிகள் மிகக் கடுமை: முகப்பு மட்டுமல்ல, கட்டடம் முழுதும் காக்கப்பட வேண்டும். ஜூ சியாட் போன்ற இரண்டாம் நிலைக் குடியிருப்பு வட்டாரங்களில் முதன்மைக் கட்டடத்தை வைத்துக்கொண்டு பின்பக்கம் புதிதாக எழுப்ப இடமுண்டு. அங்கே வேலை பார்த்துப் பழகியவர்கள் அதே பின்கட்டு வரைபடத்தை லிட்டில் இந்தியாவுக்கும் கொண்டுவருவது அடிக்கடி நேரும் தவறு. இங்கே பின்கட்டு, நடுமுற்றம், பின்மதில் எல்லாமே கட்டடத்தின் உறுப்புகள். ஆணையம் சொல்லும் அடிப்படை மூன்று: உள்ளதை முடிந்த அளவு வைத்துக்கொள்வது, இழந்ததை மூலத்துக்கு ஒத்தபடி மீட்பது, பழுதைக் கவனமாக நீக்குவது. வரிசையும் அதேதான். பழுதுபார்க்க முடிந்ததை மாற்றக் கூடாது.

வரைபடத்துக்கு முன் பயன்பாடு. அந்த முகவரிக்கு ஏற்கெனவே எந்தப் பயன்பாடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆணையத்தின் இணைய வரைபடச் சேவையிலும் பழைய அனுமதி ஆவணங்களிலும் பார்த்துவிட வேண்டும். கடை வேறு, உணவகம் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறத் தனி அனுமதி தேவை. சில கடைவீடுகளில் மேல்தளத்துக்குக் குடியிருப்பு அனுமதி மட்டுமே இருக்கும். இதைப் பார்க்காமல் குத்தகையில் கையெழுத்திட்டவர்கள், நல்ல வரைபடம் கையில் இருந்தும் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். மனுவைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் போன்ற தகுதிபெற்ற வல்லுநர்தான் தாக்கல் செய்ய முடியும். உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும். குத்தகைதாரரோ அவருடைய உள்ளலங்கார ஒப்பந்தக்காரரோ நேரடியாகத் தாக்கல் செய்ய முடியாது.

அடுத்தது அளவாய்வு. மனுவின் தலைவிதியை முடிவு செய்வது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. விற்பனைத் தரகர் தந்த தளப்படத்தின் மேல் கோடு போட்ட மனு நிச்சயம் தடுமாறும். மனை நேர்ச்செவ்வகமாக இருக்காது. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். பொதுச்சுவர் எங்கே எவ்வளவு சாய்ந்திருக்கிறது, ஐந்தடிப் பாதையின் தரைமட்டம் இரு பக்கத்து வீடுகளோடும் எப்படிப் பொருந்துகிறது, கூரை முகடும் இறவாணமும் அண்டை வீட்டு உயரத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன ஆகியவை எல்லாம் மில்லிமீட்டரில் வேண்டும். ஜன்னல், கதவு, உத்திரம், படிக்கட்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அதே எண்ணில் புகைப்படமும் நிலைக்குறிப்பும் சேர்க்க வேண்டும்: மூலமானது, பின்னால் மாற்றப்பட்டது, காணாமல் போனது.

மூலம் எது என்று தெரியாத இடத்தில் தேசிய ஆவணக் காப்பகம் கைகொடுக்கும். 1884 முதல் நகராட்சிக்குத் தாக்கல் செய்யப்பட்ட கட்டட வரைபடங்கள் அங்கே இருக்கின்றன. நூறாண்டுக்கு முன் ஒரு செட்டியாரோ சீன வணிகரோ இதே மனைக்கு அனுமதி கேட்டுக் கொடுத்த தாளே கிடைக்கலாம். முகப்பில் எத்தனை ஜன்னல், எந்த வகைச் சாய்பலகை என்ற கேள்விக்கு அதைவிட வலுவான பதில் இல்லை. அது கிடைக்காவிட்டால் வரிசையில் மாறாமல் நிற்கும் அண்டைக் கடைவீடுதான் சான்று.

மேல்தளத்து உத்திர முனைகளைத் தவறாமல் பார்க்க வேண்டும். பொய்க்கூரை மறைத்திருக்கும் மரம் நடுவில் உறுதியாக இருக்கும். சுவருக்குள் நுழையும் கடைசி ஒரு சாண் மட்டும் மக்கிப்போயிருக்கும். கூரைக்கும் பொதுச்சுவருக்கும் இடையிலான தகட்டு மூட்டு விட்டுப்போனால் மழைநீர் சுவருக்குள் இறங்கி அங்கேதான் தங்குகிறது. கறையானும் அந்த ஈரத்தைத் தேடித்தான் வருகிறது. கூரான ஊசியால் குத்திப் பார்ப்பது முதல் சோதனை. சந்தேகப்படும் முனைகளுக்குத் துளையிட்டு எதிர்ப்பை அளக்கும் கருவி. எத்தனை முனை நல்லது, எத்தனை கெட்டது என்ற அட்டவணை இல்லாமல் “தரை முழுதும் சேதம், மாற்ற வேண்டும்” என்று எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். ஏற்கவும் கூடாது.

இனி, நம் மாதிரி மனுவின் முதல் வரைபடம். மரத்தரையை எடுத்துவிட்டு 125 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் போட்டது. நடுமுற்றத்தைக் கண்ணாடியால் மூடியது. கூரையை 75 மில்லிமீட்டர் உயர்த்தி வெப்பத்தடுப்புப் பலகை வைத்தது, முன்சரிவில் இரண்டு கண்ணாடித் திறப்புகளையும் சேர்த்தது. குளிர்சாதன வெளிப்பெட்டிகளை முகப்பில் ஜன்னலுக்கு மேலும், பெயர்ப்பலகையை மேல்தள ஜன்னல்களுக்குக் குறுக்கேயும் மாட்டியது. சமையலறைக் கழிவுநீர்க் குழாய்க்காகக் கீழ்த்தரையை 150 மில்லிமீட்டர் தூக்கி, ஐந்தடிப் பாதையையும் அதே மட்டத்துக்கு ஏற்றியது. இப்படிப்பட்ட மனு திரும்பாமல் இருந்தால்தான் வியப்பு.

முதலில் தரை. பொதுச்சுவர், மர உத்திரம், பலகைத் தரை மூன்றும் காக்கப்பட வேண்டியவை என்பது விதி. விதியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் கான்கிரீட் இங்கே பொருந்தவில்லை. கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்குச் சுமார் 25 கிலோநியூட்டன். 125 மில்லிமீட்டர் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 3.1. பலகையும் அதைத் தாங்கும் சின்ன மரச் சட்டங்களும் சேர்ந்த மரத்தரை சுமார் 0.5. வேறுபாடு 2.6. மேல்தளம் 5 க்கு 14.1, அதாவது 70 சதுர மீட்டர். கூடுதல் எடை 180 கிலோநியூட்டனைத் தாண்டுகிறது, 18 டன். அதில் பாதி பாதியாக இரண்டு பொதுச்சுவர்களுக்குப் போகிறது. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல், ஆழமில்லாத அஸ்திவாரம், மறுபக்கத்தில் அண்டை வீட்டின் உத்திரங்களையும் தாங்கிக்கொண்டிருப்பவை. நம் மேல்தளத்துக்குப் போட்ட கான்கிரீட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் வெடிப்பு வரலாம்.

ஆனால் மரத்தரையைக் காப்பேன் என்று சொல்வது மட்டும் போதாது, அது உணவகத்தைத் தாங்கும் என்றும் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் கட்டமைப்புக் கணக்குக்கு யூரோகோடு என்ற ஐரோப்பிய விதித்தொகுப்புதான் அடிப்படை. அதில் வீட்டுத் தரைக்கான பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 முதல் 2 கிலோநியூட்டன். மேசைகள் போட்ட உணவகத்துக்கு 2 முதல் 3. பழைய மரச் சட்டங்கள் இரட்டிப்புச் சுமையைச் சுமக்க வேண்டி வரலாம். பழைய சட்டங்களுக்கு நடுவே புதுச் சட்டங்களைச் செருகி இடைவெளியைப் பாதியாக்குவதே எளிய வழி. பழையது அப்படியே இருக்கும், புதியது கூடுதலாக வரும், நாளைக்குக் கழற்றவும் முடியும். மக்கிய முனையை மட்டும் வெட்டி அதே இன மரத்தால் ஒட்டு வைக்கலாம், அல்லது சுவரோரம் எஃகுத் தாங்குகட்டை கொடுக்கலாம். உத்திரம் முழுதையும் மாற்றுவது கடைசி வழி. அப்போதும் அதே இடத்தில் மரம்தான்.

தீ பற்றிய பகுதியை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இங்கேதான் இரண்டு அமைப்புகளின் எதிர்பார்ப்பு மோதுவது போலத் தோன்றும். நகர மறுசீரமைப்பு ஆணையம் மரத்தை வெளியே தெரியவிடச் சொல்கிறது, தீப்பாதுகாப்பைப் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படை தீயிலிருந்து மறைக்கச் சொல்கிறது. செங்கல், பாலாவ் போன்ற அடர்ந்த மரங்கள் தீயில் ஒரே வேகத்தில் கரியாகின்றன. (இங்கே செங்கல் என்பது மலாய் மரத்தின் பெயர், நம் செங்கல் அல்ல.) யூரோகோடு தரும் வேகம் நிமிடத்துக்கு 0.55 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் 33. அதற்கு உள்ளே சூட்டில் வலுவிழந்த படலத்துக்கு இன்னும் 7. ஆக ஒவ்வொரு முகத்திலும் 40 மில்லிமீட்டர் கணக்கில் வராது. 150 க்கு 250 உத்திரம் மூன்று பக்கமும் எரிந்தால் மிஞ்சுவது 70 க்கு 210. வளைவை எதிர்க்கும் திறனில் அது மூலத்தின் மூன்றில் ஒரு பங்கு. தீ நேரத்துக்குச் சுமை குறைத்துக் கணக்கிடப்படுவதால் இந்த உத்திரத்தைத் திறந்தே விட வாய்ப்புண்டு. ஆனால் 100 க்கு 200 சட்டம் என்றால் மிஞ்சுவது 20 க்கு 160, அதாவது எட்டில் ஒரு பங்கு. அது நிற்காது.

ஆகவே பெரிய உத்திரங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். சின்னச் சட்டங்களும் பலகையின் அடிப்பக்கமும் தீத்தடுப்புப் பலகைக்குப் பின்னே போகட்டும். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குத் தரையின் எலும்புக்கூடு தெரியும், தீக்கணக்கும் நேராகும். இந்தக் குறுக்குவெட்டுப் படத்தை 1:10 அளவில் வரைந்து கணக்கோடு வைத்த பிறகுதான் குடிமைத் தற்காப்புப் படையிடம் போக வேண்டும். மேல்தளத்தில் எத்தனை பேர் என்பதும் அங்கேதான் முடிவாகும். ஒரே படிக்கட்டு உள்ள கடைவீட்டில் வெளியேறும் வழியே இருக்கைகளின் எண்ணிக்கையை வரையறுக்கிறது. வணிகத் திட்டத்தில் எழுதிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு படிக்கட்டை அகலப்படுத்த முயல்வது வீண் போராட்டம். பழைய மரப் படிக்கட்டும் காக்கப்பட வேண்டியதுதான்.

நடுமுற்றம். நம் ஊர்ப் பழைய வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 24 மீட்டர் ஆழமும் இருபக்கமும் சுவருமாக இருக்கும் வீட்டுக்கு நடுவில் வெளிச்சமும் காற்றும் வரும் வழி அது ஒன்றுதான். வானம் பார்த்துத் திறந்திருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் நிலை. கண்ணாடி போட்டு மூடினால் அது அறையாகிவிடுகிறது. தளப்பரப்புக் கணக்கும் மாறும், உள்ளே தீப்பிடித்தால் புகை போகவும் இடமிருக்காது. மூடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்மையில் பயப்படுவது மழைச்சாரலுக்கு. அதற்கு முற்றத்தின் உள்விளிம்பில் மடக்குக் கதவும், தரையைச் சுற்றிலும் 50 மில்லிமீட்டர் தாழ்த்தி வடிகாலும் போதும். சிங்கப்பூர் மழை கொட்டித் தீர்க்கும் மழை. பழைய வடிகால் குழாயின் விட்டத்தைப் பொறியாளர் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கூரையில் 75 மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். தெருவில் நின்று பாருங்கள்: இருபது வீடுகளின் இறவாணம் ஒரே கோடாக ஓடுகிறது, நம் வீட்டில் மட்டும் நான்கு விரல்கடை மேலே ஏறி நிற்கும். ஓடுகளின் வெளிமட்டத்தை அப்படியே வைத்து, வெப்பத்தடுப்பைச் சாய்சட்டங்களுக்கு இடையே உட்பக்கம் கொடுத்தால் தீர்ந்தது. ஓடு மெருகிடாத சுடுமண், இயற்கை நிறம். முன்சரிவில் கண்ணாடித் திறப்பு கிடையாது. வெளிச்சம் வேண்டுமென்றால் பின்சரிவைப் பற்றிக் கேட்கலாம். கூரையைப் பிரிக்கும் நாளில் பொதுச்சுவர்த் தகட்டு மூட்டைப் புதுப்பிக்க மறந்தால், மேலே சொன்ன உத்திர முனைகள் மறுபடி மக்கத் தொடங்கும்.

உணவக மனுக்களில் அதிகம் இழுபடுவது சமையலறைப் புகைக்குழாய். கடை வரைபடத்தில் அது ஒரு சதுரமாக மட்டும் இருக்கும். எந்த வழியாக மேலே போகிறது, எங்கே முடிகிறது என்று இருக்காது. முகப்பிலிருந்தோ எதிர்த் தெருவிலிருந்தோ தெரியக் கூடாது, நடுமுற்றத்தை அடைக்கக் கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே ஊதக் கூடாது. இந்த மூன்றையும் நிறைவேற்றும் பாதை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: பின்கட்டுச் சுவரை ஒட்டி மேலே. வெளிப்பெட்டிகளும் பின்கட்டின் மேல் மறைப்புக்குள். சமையலறையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே இந்தக் குழாயை வரைந்துவிட வேண்டும். குழாய்க்கு வழி கிடைக்கும் இடமே சமையலறை.

கழிவுநீரும் அப்படியே. சமையலறை பின்பக்கம் இருந்தால் குழாய் பின்சந்தை நோக்கிச் சரியும், கீழ்த்தரையைத் தூக்க வேண்டியதில்லை. ஐந்தடிப் பாதையைத் தொடவே வேண்டாம். 1822 இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வரும் பொதுநடை அது. அதில் 150 மில்லிமீட்டர் படி ஏற்றினால் தடிஊன்றி நடக்கும் பெரியவர் தடுக்கி விழுவார், சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். அங்கே மேசை போடுவதும் இந்த மனுவோடு கிடைத்துவிடும் என்று எண்ணக் கூடாது; வெளிப்புற இருக்கைக்குத் தனியாகக் கேட்க வேண்டும், நடைவழியை அடைக்கும் எதையும் கேட்காமல் இருப்பதே நல்லது.

முகப்பில் செய்ய வேண்டியவை குறைவு. மர ஜன்னல் மரமாகவே இருக்கட்டும். குளிர்சாதனத்துக்காகக் கண்ணாடி வேண்டுமானால் ஜன்னலுக்கு உட்புறம் தள்ளி, தெருவிலிருந்து சட்டம் தெரியாதபடி. பழைய மெருகு ஓடுகள் இருந்தால் அவற்றின் மேல் வண்ணம் பூசக் கூடாது. பெயர்ப்பலகை ஐந்தடிப் பாதைத் தூண்களுக்கு மேலுள்ள உத்திரப் பரப்புக்குள் அடங்க வேண்டும்; அதற்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விளம்பரப் பலகை உரிமமும் தேவை.

தாக்கல் மின்னணு முறையில். இருப்பதைக் காட்டும் தொகுதி, செய்யப்போவதைக் காட்டும் தொகுதி இரண்டும் ஒரே அளவுவீதத்தில், ஒரே கோணத்தில் இருந்தால் பார்ப்பவர் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஒப்பிடலாம். இடிப்பது, புதிதாகச் சேர்ப்பது, அப்படியே விடுவது மூன்றும் நிறத்தால் பிரிந்து தெரிய வேண்டும். நீளவாக்கு வெட்டுப்படம் ஒன்றாவது நடுமுற்றத்தின் வழியே போக வேண்டும். அது இல்லாத மனுவுக்கு அந்தப் படத்தைக் கேட்டு ஒரு கடிதம் நிச்சயம். கூடவே உத்திர முனை அட்டவணை, எண்ணிட்ட புகைப்படங்கள், காப்பகப் படம் கிடைத்திருந்தால் அதன் நகல்.

எழுத்துமூல அனுமதி வந்ததும் வேலை தொடங்கிவிட முடியாது. கட்டமைப்பு வரைபடத்துக்கும் தீப்பாதுகாப்பு வரைபடத்துக்கும் தனித்தனி ஒப்புதல் உண்டு. இந்த வரிசையில்தான் காலம் வீணாகிறது: வடிவமைப்பு அனுமதி வாங்கிய பிறகு தீப்பாதுகாப்பில் படிக்கட்டுக் கதவோ குழாய்ப் பாதையோ மாறினால், திருத்த மனுவோடு முதல் வாசலுக்கே திரும்ப வேண்டும். அதனால் கட்டமைப்பு, தீப்பாதுகாப்புப் பொறியாளர்கள் இருவரையும் முதல் வரைபடத்திலிருந்தே உட்கார வைப்பது செலவு அல்ல. அனுமதி 2 ஆண்டுகளுக்குச் செல்லும். குத்தகையின் வாடகையில்லாக் காலம் அதைவிட மிகக் குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது சுவரை உரித்தால் எதிர்பாராதது வெளிப்படும். அடைத்த வாசல், பூச்சுக்கு அடியில் பழைய கடையின் எழுத்து, பின்னால் வந்த ஓட்டுக்கு அடியில் பழைய ஓடு. அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, படமெடுத்து, வல்லுநர் வழியாக ஆணையத்துக்குத் தெரிவித்துவிட்டே தொடர வேண்டும். பூச்சுக்குச் சிமெண்ட் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் ஈரம் மேலே ஏறி, உப்பு பூத்து, ஓராண்டுக்குள் புதுப் பூச்சே பாளம் பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் காற்றோட்டம் விடும் கனிம வண்ணம்.

முடிவில் எடுக்கும் புகைப்படங்களுக்கு அளவாய்வின் எண்களையே பயன்படுத்துங்கள். ஜன்னல் 4 ஐ முதல் நாள் எந்த இடத்தில் நின்று, எந்த உயரத்தில் எடுத்தீர்களோ, அதே இடத்தில் நின்று எடுத்த படம். சோதனைக்கு வருபவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் போதும், எதையும் விளக்க வேண்டியிருக்காது.